நடுவில் நின்ற படிப்பு

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த குடும்பங்களின் கணக்கேட்டில் வரவும் உண்டு, செலவும் உண்டு. வரவுப் பக்கத்தை நாம் அடிக்கடி புரட்டிப் பார்த்து மகிழ்கிறோம். சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று, ஒரு தகரப் பெட்டியுடன் ஹௌரா நிலையத்தில் வந்திறங்கிய முன்னோரையும், அவர்கள் வங்கிகளிலும் கம்பெனிகளிலும் உழைத்துத் தேடிய நல்ல பெயரையும், அவர்தம் பேரப்பிள்ளைகள் பெற்ற பட்டங்களையும் விழாக்களில் எடுத்துரைத்துப் பெருமிதம் கொள்கிறோம். செலவுப் பக்கத்திலோ யாரும் எழுதி வையாத ஓர் இனம் இருக்கின்றது. நடுவில் நின்றுபோன படிப்பே அது.

திருச்சியிலோ திருநெல்வேலியிலோ பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பெண், ஆவணியில் மணமாகிப் புரட்டாசியில் கணவனுடன் இந்நகருக்கு வந்துவிடுகிறாள். தந்தை திடீரென்று காலமாக, அவருடைய அலுவலகத்தில் கிடைத்த சிறிய வேலையை ஏற்றுக்கொண்டு கல்லூரியைத் துறக்கின்றான் மூத்த மகன். டிப்ளமா முடித்த கையோடு தொழிற்சாலையில் சேர்ந்தவர், பட்டம் பெற்ற இளையவர்கள் தம்மைத் தாண்டி உயர்வதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர்களுள் எவரும் அறிவில் குறைந்தவர் அல்லர். குடும்பத்தின் தேவை முன்னே நின்றது; படிப்பு பின்னே நின்றது. நாற்பதிலோ ஐம்பதிலோ, பிள்ளைகள் ஓரளவு தலையெடுத்தபின், அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் பழைய மதிப்பெண் பட்டியல் கண்ணில் படுகின்றது. “இனி என்ன?” என்று அதை மறுபடியும் மடித்து வைப்பவர்களே மிகுதி. அவ்வாறு மடித்து வைக்குமுன் அன்பர்கள் சிறிது பொறுத்து இக்கட்டுரையைப் படிக்க வேண்டுகிறோம்.

லேக் கார்டன்ஸில் வாழ்வோருக்கு இக்கேள்வி இன்னும் அண்மையானது. நம் பகுதிக்கு வடக்கே ரவீந்திர சரோவர் ஏரி; தெற்கே பிரின்ஸ் அன்வர் ஷா சாலை. அச்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால் ஜாதவ்பூர் வந்துவிடும். 1906ஆம் ஆண்டில் சுதேசி உணர்ச்சியால் பிறந்த தேசியக் கல்விக் கழகத்தின் வழித்தோன்றலாக, 1955ஆம் ஆண்டில் உருவான ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கின்றது. ஏரிக்கு அப்பால் ஹாஸ்ரா பக்கம் சென்றாலோ, ஒரே வளாகத்தில் காலையில் பெண்களுக்கு ஜோகமாயா தேவி கல்லூரி, பகலில் ஆசுதோஷ் கல்லூரி, மாலையில் சியாமாபிரசாத் கல்லூரி என மூன்று கல்லூரிகள் நடந்து வந்திருக்கின்றன. பகலெல்லாம் உழைப்பவனும் மாலையில் படிக்கலாம் என்பதை இந்நகரம் நெடுங்காலத்திற்கு முன்பே ஒப்புக்கொண்டது. நாள்தோறும் இக்கட்டடங்களைக் கடந்து போகும் நம்மவருள் பலர், அவை தம் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியவை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இரு தாய்மார்

அவ்வெண்ணம் தவறு என்பதற்குக் கல்கத்தா நகரோடு தொடர்புடைய ஒரு தென்னாட்டுப் பெண்மணியின் வாழ்க்கையே சான்று. ஏ. லலிதா என்பது அவர் பெயர். 1919ஆம் ஆண்டு சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்தாம் வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றது. 1937இல் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். குழந்தைக்கு நான்கு மாதம் நிறைந்தபோது கணவரை இழந்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

கைம்பெண் என்றால் வீட்டின் ஒரு மூலையே உலகம் என்றிருந்த காலம் அது. லலிதா மீண்டும் படிக்கத் துணிந்தார். இராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் முதல் வகுப்பில் தேறினார். மருத்துவம் படிக்கலாமே என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் நேரம் காலம் பாராமல் ஓட வேண்டிய தொழில், தனித்து நின்று குழந்தையை வளர்க்கும் தாய்க்கு ஒவ்வாது என்று கருதிப் பொறியியலைத் தேர்ந்தார். தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்னியல் பேராசிரியர். அதுவரை அக்கல்லூரியில் பெண்கள் சேர்ந்ததில்லை. தந்தையார் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடமும் பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டாதமிடமும் பேசி இசைவு பெற்றார். லலிதா விடுதியில் தங்கிப் படித்தார். குழந்தை உறவினர் இல்லத்தில் வளர்ந்தது. 1943ஆம் ஆண்டில் அவர் மின்பொறியியலில் தேறியபோது, ஆண்களுக்கென்றே அச்சிட்டு வைத்திருந்த சான்றிதழில் “அவன்” என்று பொருள்படும் சொல்லை அடித்துவிட்டு “அவள்” என்று திருத்த வேண்டியிருந்ததாம்.

சிம்லாவில் சில காலம் பணியாற்றியபின், 1948ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவுக்கு வந்தார். அசோஷியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனியின் பொறியியல் பிரிவில் சேர்ந்தார். இந்நகரில் இருந்த சகோதரர் குடும்பம் அவருக்குத் துணையாயிற்று. பக்ரா நங்கல் அணைக்குரிய மின்னாக்கிகள் தொடர்பான வேலையிலும் அவருக்குப் பங்குண்டு. 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் உலக மாநாட்டிற்குச் சென்று வந்தார். 1979இல் காலமானார். இந்தியாவின் முதற்பெண் பொறியாளர் என்று இன்று அவரைப் போற்றுகின்றனர். அப்புகழைவிட நமக்குப் பாடமாவது வேறொன்று. படிப்பு நின்ற இடத்திலிருந்தே அவர் அதை மீண்டும் எடுத்தார். துணையாகப் பேச ஒரு தந்தையும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் உறவும், விதியைச் சிறிது வளைக்க இசைந்த ஒரு முதல்வரும் அவருக்குக் கிடைத்தனர். துணிவு அவருடையது, வழி பலருடைய கைகளால் அமைந்தது.

வங்க நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. கல்கத்தாப் பல்கலைக்கழகம் பெண்கள் தன் தேர்வுகளை எழுதலாம் என்று 1878ஆம் ஆண்டில் கதவைத் திறந்தது. அவ்வழியே வந்த காதம்பினி கங்கூலி 1883இல் பட்டம் பெற்றார்; பிறகு மருத்துவக் கல்லூரியில் படித்து 1886இல் மருத்துவரானார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. பிள்ளைகளுக்குத் தாயாகி, மருத்துவத் தொழிலும் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், 1893இல், தம் முப்பத்திரண்டாம் வயதில், குழந்தைகளை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறி, எடின்பரோ சென்று மேலும் மூன்று தகுதிப் பட்டயங்களுடன் திரும்பினார். கையிலிருந்த சான்றிதழ் போதாது என்று பிறர் சொல்லும்போது மனம் சோர்வது எளிது. மறுபடியும் வகுப்பில் போய் உட்காருவது அரிது. அவர் அரியதைச் செய்தார்.

நம் இராமானுஜன் கதையை அறியாதார் இல்லை. ஆயினும் ஒரு செய்தியை இங்கே நினைவுகூர வேண்டும். குடந்தையிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. வகுப்பில் தேறாமல் படிப்பை விட்டவர் அவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். பட்டமில்லாத அவருக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சியின் வழியே பி.ஏ. பட்டம் வழங்கியது. மேதையின் வழி எல்லோர்க்கும் ஆகாது என்பது உண்மையே. ஆனால் பாதியில் நின்றவனை மறுபடி ஏற்றுக்கொள்ளும் மரபு பல்கலைக்கழகங்களுக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்றாகும்.

இன்றைய விதிகள்

இனி, இன்று ஒருவர் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம். முதலில் வயது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பில் சேர மேல் வயது வரம்பு இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வை எழுதவும் வயது தடையன்று. சேரப்போகும் பல்கலைக்கழகம் தனக்கென வரம்பு வைத்திருந்தால் அது மட்டுமே பொருந்தும். மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இருந்த மேல் வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டது. பாட்னாவில் ஒரு முதியவர் தம் 98ஆம் வயதில், 2017ஆம் ஆண்டு, நாலந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார எம்.ஏ. தேறினார். ஆகவே, “வயதாகிவிட்டது” என்பது நாம் சொல்லும் காரணமேயன்றிச் சட்டம் சொல்லும் காரணம் அன்று.

அடுத்தது, பழைய படிப்பு செல்லுமா என்பது. இதில்தான் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். இக்காலத்தில் படிப்பை ‘கிரெடிட்’ என்னும் அலகால் அளக்கின்றார்கள். மாணவர் ஈட்டிய கிரெடிட்டுகளைச் சேர்த்து வைத்து, ஒரு கல்வி நிலையத்திலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டு செல்லும் பொருட்டு, 2021ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு ‘கிரெடிட் வங்கி’ ஒன்றை ஏற்படுத்தியது. ஓராண்டு முடித்து நின்றால் சான்றிதழ், ஈராண்டிற்குப் பட்டயம், மூவாண்டிற்குப் பட்டம் என்று இடையில் இறங்கவும் ஏறவும் புதிய முறை இடமளிக்கின்றது. எனினும் இரண்டு வரம்புகளை நினைவில் வைக்க வேண்டும். 2021-22ஆம் கல்வியாண்டிலும் அதற்குப் பின்னும் ஈட்டியவையே இவ்வங்கியில் சேரும். சேர்ந்தவையும் மிகுந்தால் ஏழு ஆண்டுகளுக்கே செல்லும். ஆதலின் 1998இல் மதுரையில் முடித்த இரண்டாண்டுப் படிப்பு இந்த வங்கியில் வரவாகாது.

அப்படியானால் அது வீணா? வீணன்று. பழைய பல்கலைக்கழகத்திலேயே சில தாள்கள் மட்டும் எஞ்சியிருப்பின், முதலில் அங்கேதான் எழுதிக் கேட்க வேண்டும். நெடுநாள் நிலுவையில் உள்ள தாள்களை எழுதிமுடிக்கத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அளிப்பதுண்டு. இரண்டு தாளுக்காக மூன்றாண்டு மறுபடியும் படிப்பது வீண் செலவன்றோ? நேரே இங்குள்ள பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சேர விரும்பினால், இரு பாடத்திட்டங்களையும் ஒப்பிட்டு அவர்கள் முடிவு செய்வார்கள்; இடமும் காலியாக இருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. அக்காலப் பாடத்திட்டத்தின் நகலையும் பழைய பல்கலைக்கழகத்திலிருந்து பெற்று வைப்பது நலம். டிப்ளமா பெற்றவர்கள் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேர வழியுண்டு. அதற்கு மேற்கு வங்கத்தில் தனி நுழைவுத் தேர்வு நடைபெறுகின்றது. இந்நகரையே தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பொறியாளர் கழகத்தின் ஏ.எம்.ஐ.இ. தேர்வைப் பகலில் வேலை, இரவில் படிப்பு என்று எழுதித் தேறிய தமிழர் முன்பு பலர். ஆனால் 2013ஆம் ஆண்டு மே மாதம் வரை பதிவு செய்தவர்களுக்கே அது பட்டத்திற்கு இணையாகக் கொள்ளப்படுகின்றது. பழைய அன்பர்கள் சொல்வதைக் கேட்டு இன்று அவ்வழியே இறங்குவோர் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

எங்கும் செல்லாத படிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தால், அஞ்சல் வழியும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும் கை கொடுக்கும். இந்திரா காந்தி பல்கலைக்கழகம் 1985இலும், கொல்கத்தாவில் நேதாஜி சுபாஷ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1997இலும், சென்னையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தோன்றின. நேதாஜி பல்கலைக்கழகத்தின் பாடநூல்களில் பல வங்காளத்தில் உள்ளன. ஆதலின் மொழியை முன்னரே விசாரித்துக்கொள்க. ஒப்புதல் பெற்ற திறந்தநிலைப் பட்டம் கல்லூரிப் பட்டத்திற்கு நிகரானது என்று மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்தியிருக்கின்றது. எனினும் ஓர் எச்சரிக்கை. முதற்பட்டம் இல்லாமல் நேரே முதுகலைப் பட்டம் பெற்றால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. “ஓராண்டில் பட்டம்” என்று ஆசை காட்டுவோரை நம்ப வேண்டா. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு வெளியிட்டு வருகின்றது. அப்பட்டியலில் கொல்கத்தா முகவரியும் இடம்பெற்றதுண்டு. பணம் கட்டுமுன் அதைப் பார்ப்பது கடமை.

பெயரில் ஒரு தடை

இடம்பெயர்ந்த தமிழருக்கே உரிய ஒரு தொல்லையை இங்குச் சொல்லாமல் விட முடியாது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்கும். இங்குள்ள விண்ணப்பத்தாளோ குடும்பப் பெயரைக் கேட்கும். பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்துடன் ஒரு பெயர். ஆதாரில் தந்தை பெயர் விரிந்து மற்றொரு பெயர். மணமான பெண்ணுக்கோ கணவர் பெயரும் சேர்ந்து மூன்றாவது பெயர். ஒருவரே மூவராகிவிடுகிறார். கிரெடிட் வங்கிக் கணக்கைத் திறப்பதற்குக்கூடப் பெயர் ஒத்துப்போக வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே அடிப்படையாகக் கொண்டு மற்ற ஆவணங்களை அதற்கேற்பத் திருத்திக்கொள்வதே எளிய வழி. அதுவும் இயலாவிடின், மூன்று பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். இவ்வேலைக்குச் சில வாரங்கள் ஆகும். விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்திய நாள் தொடங்குவதில் பயனில்லை.

மற்றொன்று, மைக்ரேஷன் சர்டிபிகேட் என்னும் இடப்பெயர்வுச் சான்றிதழ். ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு மற்றொன்றில் சேருவோர் பழைய பல்கலைக்கழகத்திலிருந்து இதைப் பெற்றுத் தர வேண்டும். கல்லூரி தரும் டி.சி. வேறு, இது வேறு. மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, அதன் சான்றுடன் நகல் கேட்க வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது கோயிலுக்கும் கலியாணத்திற்கும் நாள் ஒதுக்குவது போல, பல்கலைக்கழக அலுவலகத்திற்கும் ஒரு நாள் ஒதுக்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

நேரமும் நெஞ்சமும்

நேரம் எங்கே என்று கேட்போருக்கு ஒரு கணக்குக் காட்டுவோம். இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஒரு பட்டத்திற்கு 120 கிரெடிட் என்று கொண்டால் மொத்தம் 3,600 மணி. மூன்றாண்டில் முடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு மூன்றேகால் மணி வேண்டும். வீட்டையும் வேலையையும் சுமப்பவருக்கு இது கடினம். அங்கே பி.ஏ. படிப்பை ஆறாண்டு வரை நீட்டிக்கொள்ள இடமுண்டு. ஆறாண்டாகப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். விரைந்து முடிக்க எண்ணி முதற்பருவத்திலேயே ஓய்ந்துபோவதைவிட, மெல்ல நடந்து ஊர் போய்ச் சேருவது அறிவுடைமை.

நேரத்தைவிடப் பெரிய தடை கூச்சம். மகள் வயதுப் பிள்ளைகள் நடுவே அமர்வதா? தேறாவிட்டால் அண்டை வீட்டார் என்ன சொல்லுவார்கள்? இவை வெறும் கற்பனை அச்சங்கள் என்று தள்ளிவிடுவது எளிது. உண்மையில் அவை நெஞ்சை உறுத்துபவை. ஆனால் வயது வந்த மாணவரிடம் இளைஞர்க்கு இல்லாத செல்வம் ஒன்றுண்டு. பொருளாதாரப் பாடத்தில் விலைவாசி என்று வந்தால் அவருக்கு அது புத்தகச் சொல் அன்று; இருபது ஆண்டுகள் தாமே நடத்திய குடும்பக் கணக்கு. வணிகவியலில் கடன் என்று வந்தால் தாம் கட்டிய தவணைகள் நினைவுக்கு வரும். மனப்பாடம் சற்றுத் தளர்ந்திருக்கலாம். பொருள் உணரும் ஆற்றல் முதிர்ந்திருக்கும்.

ஏன் படிக்கிறோம் என்பதையும் முன்னரே நெஞ்சோடு பேசிக்கொள்ள வேண்டும். பதவி உயர்வுக்காக என்றால், அந்தப் பட்டத்தைத் தம் அலுவலகம் ஏற்குமா என்று முதலில் எழுத்தில் கேட்டுப் பெறுக. புதிய வேலைக்காக என்றால், பட்டம் கிடைக்கும் ஆண்டில் தமக்கு என்ன வயது, அவ்வேலைக்கு என்ன வயது வரம்பு என்று பார்க்க. பல்கலைக்கழகத்திற்கு வரம்பில்லை, அரசுப் பணிகளுக்கு உண்டு. நின்றுபோனதை முடிக்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக என்றால், அதற்கு எவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டுவதில்லை. அதுவும் தக்க காரணமே.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். இல்லத்தலைவி புத்தகம் எடுத்தால் “காப்பி எங்கே?” என்று கேட்கும் குரல் சிறிது தாழட்டும். மாமியார் ஒரு மணி நேரம் பேரனைப் பார்த்துக்கொள்ளட்டும். கணவர் பருவத் தேர்வு வாரத்தில் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்க்கட்டும். கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ கணினியில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். லலிதா அம்மையாருக்கு அன்று உறவினர் செய்த உதவி இதனினும் பெரிது.

நம் போன்ற சங்கங்களுக்கும் இதில் வேலையுண்டு. விழாவுக்கும் விருந்துக்கும் கூடும் மண்டபத்தில் வாரம் ஒரு மாலை ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போதும். விதிகள் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒருவர், பழைய வினாத்தாள்கள் அடங்கிய ஒரு பெட்டி என இவ்வளவு இருந்தால், நம் பகுதியில் நின்றுபோன படிப்புகளில் சிலவாவது மறுபடி நகரத் தொடங்கும். ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிசளிக்கும்போது, ஐம்பது வயதில் முதற்பருவம் தேறிய ஓர் அம்மையாரையும் மேடைக்கு அழைத்தால், அதைக் கண்டு வீடு திரும்பும் மற்றொருவர் அன்றிரவே தம் அலமாரியின் அடித்தட்டைத் திறப்பார்.

பெரும்பாலான படிப்புகளுக்கு ஜூலையிலும் சனவரியிலும் சேர்க்கை உண்டு. இடையிலுள்ள மாதங்கள் சான்றிதழ்களைத் திரட்டுவதற்கு. விரும்புவோர் முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்து, அதில் தம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கின்றது என்று பார்த்து வைக்கட்டும்.